அல்சூர் வீட்டுக் கடப்பாக்கல் அலமாரி: இடிக்காமல் அழகாக்கிய விதம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய தனி வீடு. கீழே அப்பாவும் அம்மாவும், மாடியில் மகள், மருமகன், பேத்தி. அப்பா விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சம்பளம் வாங்க ஆரம்பித்த காலத்திலிருந்து தமிழ்ப் புத்தகங்களாக வாங்கிச் சேர்த்தவர். ஹாலின் மேற்குச் சுவரில், டி.வி.க்கு இரண்டு பக்கமும், சுவரைக் குடைந்த மாதிரி கடப்பாக்கல் பலகை பதித்துக் கட்டிய அலமாரி இரண்டு உண்டு. பெங்களூரின் பழைய வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. மகள்தான் என்னைக் கூப்பிட்டார், கேட்டதும் தெளிவாகக் கேட்டார்: "அக்கா, இந்த ரெண்டையும் இடிச்சுட்டு ப்ளைவுட்ல கண்ணாடிக் கதவு போட்டு உள்ளே லைட் வச்சு ஒரு யூனிட் பண்ணிடலாம். ஹாலுக்குள்ள நுழைஞ்சாலே குடோன் மாதிரி இருக்கு." ஓர் இன்டீரியர் கம்பெனியிடம் கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார்.

கடைசியில் எதையும் இடிக்கவில்லை. அந்த அலமாரி இப்போது அந்த ஹாலிலேயே கண்ணுக்கு நிறைவான இடமாக இருக்கிறது, புத்தகங்களும் முன்பைவிட நல்ல நிலையில் இருக்கின்றன. அலங்காரப் பொருள் என்று கடையில் போய் எதையும் வாங்கவில்லை. பெரிய மாற்றம் எல்லாம் ஒரே ஒரு வேலையில் வந்தது: புத்தகங்களைப் பின்சுவரிலிருந்து நகர்த்தி, பலகையின் முன் ஓரத்துக்குக் கொண்டு வந்து, அந்தக் கோட்டை விட்டு அவை நகராதபடி செய்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சுவர் அலமாரி வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அளவுகள்

சுவர் ஒன்றரைச் செங்கல் சுவர், அதாவது பதின்மூன்றரை அங்குலம். அதில் ஒன்பது அங்குலம் உள்ளே குடைந்து அலமாரி, பின்னால் மிச்சம் அரைச் செங்கல், நாலரை அங்குலம். ஒவ்வொரு அலமாரியும் 105 செ.மீ. அகலம், ஆறு தட்டு. கீழ்த்தட்டு 45 செ.மீ. உயரம், மற்றதெல்லாம் 33 செ.மீ. பலகை எல்லாம் சுவரோடு பதித்தவை, ஒரு நூல்கூட மேலே கீழே நகர்த்த முடியாது. ஆழம் ஒன்பது அங்குலம், 23 செ.மீ.

இந்த 23 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வருகிற புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அளவு, சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். பழைய நாவல்களும் சிறு பதிப்புகளும் கிரவுன் அளவு, அது இன்னும் சின்னது, பன்னிரண்டரை செ.மீ. அகலம்தான் இருக்கும். 14 செ.மீ. புத்தகத்தை 23 செ.மீ. ஆழத் தட்டில் வைத்துப் பின்சுவர் வரை தள்ளிவிட்டால் முன்னால் 9 செ.மீ. மிஞ்சுகிறது. நான்கு விரலுக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த வீட்டில் அந்த நான்கு விரல் இடத்தில் என்னவெல்லாம் இருந்தன என்று எடுத்து வைத்தோம். பி.பி. மாத்திரை அட்டை, பழைய மூக்குக்கண்ணாடி, ரிமோட், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகைகள், பேட்டரி, பேத்தியின் ஹேர் கிளிப், விபூதிப் பொட்டலம், நின்றுபோன கைக்கடிகாரம், ஓய்வு பெற்ற அன்று கொடுத்த ஷீல்டு, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, அதன் தலை தனியாக. எல்லாம் புத்தகங்களுக்கு முன்னால் ஒரு வேலி மாதிரி நின்றிருந்தன. ஒரு புத்தகம் எடுக்க வேண்டுமானால் முதலில் நாலு சாமானை நகர்த்த வேண்டும். அப்பா அதனாலேயே கீழ் மூன்று தட்டுகளைத் தொடுவதை விட்டிருந்தார்.

மகள் "குடோன் மாதிரி" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான், கல் பலகைமேல் தப்பு கிடையாது. தட்டில் காலி இடம் கைக்கு எட்டுகிற பக்கம் இருந்தால் வீட்டில் உள்ள எல்லாரும் கையில் இருப்பதை அங்கே வைப்பார்கள். இது ஒழுங்கில்லாத குடும்பம் என்று அர்த்தமல்ல, எந்த வீட்டிலும் அப்படித்தான் நடக்கும். நீங்கள் எவ்வளவு அழகாக அடுக்கிக் கொடுத்தாலும் அந்த முன்னிடம் இருக்கும் வரை ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அடுக்கிய அன்று எடுத்த போட்டோவில் எந்த அலமாரியும் நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பின்னால் இருந்த பிரச்சினை

புத்தகங்களை இறக்க ஆரம்பித்தபோது தெரிந்தது. வலது அலமாரியில் மேல் மூன்று தட்டுகளில் பின்சுவர் முழுக்க ஓதம். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுவரை ஒட்டி இருந்த புத்தகங்களின் பக்க ஓரம் பழுப்புக் கோடு போட்டு, சிலவற்றில் சாம்பல் பச்சையில் பூஞ்சணம். பைண்டிங் பசையை இராமபாணப் பூச்சி அரித்துத் தின்றிருந்தது. அதற்கு மாவுப் பசை என்றால் உயிர், ஈரமும் இருட்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு விஷயம் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சுவரைக் குடைந்து கட்டிய அலமாரி வெளிச்சுவரில் இருந்தால், வீட்டிலேயே மெல்லிய சுவர் அந்த அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. மற்ற இடத்தில் பதின்மூன்றரை அங்குலம் கடந்து வரவேண்டிய ஈரம் இங்கே நாலரை அங்குலம் கடந்தால் போதும். பெங்களூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கின் பங்கும் உண்டு, செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். மேற்குச் சுவர் தென்மேற்கு மழையை நேராக வாங்கிக்கொள்கிறது. உள்ளே புத்தகங்கள் சுவரோடு ஒட்டி நெருக்கி நின்றால் அந்த ஈரம் காயக் காற்றும் கிடையாது.

ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தட்டைக் காலி செய்துவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, தாளின் மேல்பக்கம் என்றால் அறைக்காற்று. இங்கே சுவர்ப் பக்கம் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மேஸ்திரி வெளியே போய்ப் பார்த்தார். மழைநீர்க் குழாயை இறுக்க அடித்த கிளாம்புக்குப் பக்கத்தில் பூச்சில் ஒரு விரிசல், குழாய் இணைப்பிலும் கசிவு. "இத அடைக்காம உள்ள என்ன பூசினாலும் நிக்காதும்மா" என்றார். சரியான பேச்சு.

ஆக, வேலையின் முதல் கட்டம் வீட்டுக்கு வெளியே நடந்தது. குழாய் இணைப்பு மாற்றி, விரிசலை வெட்டி அடைத்து, வெளிப்பக்கம் மழைத் தடுப்புப் பூச்சு. உள்ளே உதிர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்து, காய விட்டு, சுண்ணாம்புப் பூச்சுதான் அடித்தோம். உள்ளே எனாமல், பிளாஸ்டிக் பெயின்ட் போன்றவை வேண்டாம் என்று சொன்னது நான். சுவரில் மிச்சம் இருக்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும், சுண்ணாம்பு அதை விடும். எனாமல் அடைத்துவிடும், பிறகு தோல் தோலாக உரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தச் சுவர்மேல் ப்ளைவுட் பெட்டி அடித்துக் கண்ணாடிக் கதவும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் ஒரே இடத்தில். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். கரையானுக்கு ஈரமான மரம் கிடைத்திருக்கும். மகளிடம் இதை விளக்கிய பிறகு இடிக்கும் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

ஒரு ரீப்பர் கட்டை

சரி, இப்போது இரண்டு தேவை. முன்னால் இடம் இருக்கக் கூடாது, ஏனென்றால் சாமான் சேரும். பின்னால் இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் சுவருக்குக் காற்று வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை: புத்தகத்தை முன்னால் இழு.

ஆனால் இழுத்து வைத்தால் மட்டும் போதாது. புத்தகத்தைத் திருப்பி வைக்கும்போது கை தானாகப் பின்சுவர் வரை தள்ளும். அதற்குத்தான் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம். முக்கால் அங்குலத் தேக்கு ரீப்பரைத் தட்டின் நீளத்துக்கு அறுத்து, பலகையின் மேல் படுக்க வைத்துச் சிலிகான் கொண்டு ஒட்டினோம். துளை போடவே இல்லை. டெமி அளவு நிற்கும் தட்டில் பலகையின் முன் ஓரத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி ரீப்பர். புத்தகத்தின் அடி அதில் முட்டி நிற்கும்போது முன்னால் ஒரு செ.மீ. மட்டும் மிஞ்சும், அங்கே ஹேர் கிளிப்கூட நிற்காது. பின்னால் ரீப்பருக்கும் சுவருக்கும் நடுவில் சுமார் 6 செ.மீ. காற்று. கிரவுன் அளவுக்கு ரீப்பரை இன்னும் ஒன்றரை செ.மீ. முன்னால் ஒட்டினோம். ஆசாரி ஒவ்வொரு தட்டுக்கும் அளவுக்கட்டை ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, அதை முன் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்து ரீப்பரை உட்கார வைத்தார், நூல் பிடித்த மாதிரி வந்தது.

அன்று மாலை இரண்டு தட்டு மட்டும் அடுக்கி முடித்திருந்தோம். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "புது புத்தகம் வாங்கினீங்களா?" என்று கேட்டார். அதே பழைய புத்தகங்கள். முதுகுகள் எல்லாம் ஒரே கோட்டில், பலகையின் கறுப்பு ஓரத்தை ஒட்டி நின்றதுதான் வித்தியாசம். உள்ளே தள்ளி வைத்த புத்தகத்தின் மேல் மேல்தட்டின் நிழல் விழும், இருண்டு தெரியும். முன்னால் வந்தவுடன் ஹாலின் வெளிச்சம் நேரடியாக முதுகில் விழுகிறது, தலைப்பு சோபாவிலிருந்தே படிக்க முடிகிறது.

அந்தக் கறுப்பு ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது பலகையையும் சேர்த்து அடித்து, கல் இருப்பதே மறந்துபோயிருந்தது. முன் ஓரத்தில் மட்டும் அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்தோம். உள்ளே கடப்பாவின் அசல் கறுப்பு. மெழுகு பாலிஷ் போட்டுத் தேய்த்ததும் சுவர் முழுக்கக் கறுப்புக் கோடு கோடாக வந்து நின்றது. ஹாலுக்குப் புதிதாக வாங்கிய எந்தப் பொருளாலும் கிடைத்திருக்காத அழகு அது. ஒரு எச்சரிக்கை: கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். பாத்ரூம் ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் படக்கூடாது, பட்ட இடம் அரித்து வெளிறிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

யார் சொல்படி அடுக்குவது

மகளுக்கு நிற வாரியாக அடுக்க ஆசை, வானவில் மாதிரி. அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கட்டுரை ஒரு பக்கம், அதே ஆள் எழுதின நாவல் இன்னொரு பக்கம்னா நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?" என்றார். இந்தச் சண்டையில் நான் முழுக்க அப்பா பக்கம். படிக்கிறவர் வீட்டில் அலமாரி அவர் கைக்கு வசப்பட வேண்டும். ஆனால் மகள் கேட்பதிலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் தமிழ்ப் புத்தக முதுகுகள் ஒன்றோடொன்று பேசாது. பளபளப்பு அட்டை வந்தபின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கத்தல். சிலவற்றில் தலைப்பு மேலிருந்து கீழே போகும், சிலவற்றில் கீழிருந்து மேலே. சன்னமான புத்தகங்களில் முதுகில் எழுத்தே இருக்காது.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: தட்டைத் தீர்மானிப்பது அளவு, தட்டுக்குள் வரிசையைத் தீர்மானிப்பது அப்பா. கிரவுன் எல்லாம் ஒரு தட்டில், டெமி எல்லாம் வேறு தட்டுகளில் என்று பிரித்தவுடனேயே மேல்கோடு நேராகிவிடுகிறது, பாதிக் கத்தல் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஒரே பதிப்பகத்தின் தொகுதிகளைச் சேர்த்து வைத்தால் ஒரே நிறத்தில் பட்டையாக ஓரிடம் கிடைக்கிறது, கண் அங்கே கொஞ்சம் இளைப்பாறும். அப்பா எழுத்தாளர் வாரியாக அடுக்கியபோது அது தானாகவே நடந்தது. முதுகில் எழுத்தில்லாத சன்னப் புத்தகங்களையும் சிறு வெளியீடுகளையும் அட்டைப் பெட்டிக் கோப்புகளில் போட்டு நிறுத்தினோம், ஒவ்வொரு பெட்டியிலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு.

கையெழுத்து என்றதும் பைண்டு வால்யூம்களைச் சொல்லாமல் போக முடியாது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்தவை, முப்பதுக்கு மேல். பாதி அவருடைய அம்மா சேர்த்தது. முதுகில் ஒன்றும் இல்லாததால் இத்தனை வருஷமும் பின்வரிசையில் கிடந்தன. பிரவுன் தாளைக் குறுக்கே பட்டையாக வெட்டி, பேனா மையால் கதையின் பெயரும் வருஷமும் அப்பாவே எழுதி ஒட்டினார். இப்போது முன்னால் வந்து நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். இணையத்தில் பார்த்து அலங்காரத்துக்கென்று வெள்ளைத் தாள் அட்டை போட்டு வைக்கிறார்களே, அதைவிட ஆயிரம் மடங்கு அழகு இது.

33 செ.மீ. தட்டில் 21.5 செ.மீ. புத்தகம் நின்றால் மேலே 11 செ.மீ. காலி. முன்பு அந்தச் சந்தில் புத்தகங்களைப் படுக்கப் போட்டுத் திணித்திருந்தார்கள். இப்போது அதைக் காலியாக விட்டோம். அம்மாவுக்கு முதலில் மனசு வரவில்லை, "இவ்ளோ இடம் வீணாப் போகுதே" என்றார். அந்த 11 செ.மீ. இருப்பதால்தான் புத்தகத்தின் தலையில் விரலை மாட்டி இழுக்காமல், நடு முதுகைப் பிடித்து எடுக்க முடிகிறது. தலையில் மாட்டி இழுத்தே எத்தனை பைண்டிங் கிழிகிறது! தட்டின் நீளத்திலும் ஒரு சாண் விட்டுத்தான் அடுக்கினோம். சாயாமல் இருக்க, கல் அறுக்கும் பட்டறையில் கிடந்த கடப்பாத் துண்டு ஒன்று ஒவ்வொரு தட்டிலும் முட்டுக் கொடுத்தது.

மிச்சப் புத்தகங்கள்

கணக்கு இடிக்கிறதே என்று கேட்பீர்கள். 500-க்கு மேல் புத்தகம், ஒரு தட்டுக்கு 40, 45, பொருட்களுக்கும் சில தட்டு வேண்டும். ஹாலில் 300 போலத்தான் கொள்ளும். பேத்தியின் அம்மா படித்த காலத்து என்ட்ரன்ஸ் கைடுகள், இரண்டு பிரதி இருந்தவை, பழைய சாப்ட்வேர் புத்தகங்கள் எல்லாம் கழித்ததில் ஒரு பங்கு குறைந்தது. மிச்சத்துக்குப் படுக்கையறைக்குப் போகும் நடைவழியில் புதிதாக அலமாரி அடித்தோம், வெறும் ஆறு அங்குல ஆழம். தமிழ்ப் புத்தகத்துக்கு ஆறு அங்குலம் தாராளம். ஓர் அடி ஆழத்துக்குப் போட்டிருந்தால் நடைவழியில் தோள் இடிக்கும், முன்னால் சாமானும் சேரும்.

இங்கே ப்ளைவுட் என்பதால் நீளம் முக்கியம். டெமி புத்தகம் ஒரு மீட்டர் நிற்க வைத்தால் 20 கிலோவுக்கு மேல். பலகையின் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி ஒன்றரை மடங்கானால் தொய்வு சுமார் ஐந்து மடங்கு, இரண்டு மடங்கானால் பதினாறு மடங்கு. கல் 105 செ.மீ. அசையாமல் தாங்கியது என்பதற்காக 18 மி.மீ. பலகையிடம் அதையே கேட்கக் கூடாது. 70 செ.மீ.க்கு ஒரு நிறுத்தம் வைத்தோம். ப்ளை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. வகை. பார்ட்டிகிள் போர்டில் புத்தக அலமாரி வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும்.

பொருட்களுக்குத் தனி வீடு

புத்தகத்துக்கு முன்னால் எந்தப் பொருளும் வராது என்பது இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி. பொருளுக்கென்று தனித் தட்டு. பன்னிரண்டில் மூன்று தட்டுகளை அதற்கு ஒதுக்கினோம்.

எந்த மூன்று? எல்லாரும் நிற்கும்போது கண் மட்டம் எது என்று பார்ப்பார்கள். ஹாலில் யாரும் நிற்பதில்லை, உட்கார்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 110, 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். அது கீழிருந்து மூன்றாவது தட்டு. அங்கே இடது அலமாரியில் தலையாட்டி பொம்மை, தலையை ஒட்ட வைத்து, பக்கத்தில் பேத்தியின் சன்னபட்டணாப் பொம்மைகள் நான்கைந்து. வெப்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை, அந்த மஞ்சளும் சிவப்பும் கறுப்புக் கல் மேல் எப்படி எடுத்துக் கொடுக்கிறது தெரியுமா! வலது அலமாரியின் நான்காவது தட்டில் ஒரே ஒரு படம். 2009-ல் அல்சூரில் திருவள்ளுவர் சிலை திறந்தார்களே, 18 வருஷம் சாக்குப்பையில் மூடிக் கிடந்த பிறகு, அந்த ஆகஸ்ட் 9-ஆம் தேதி அப்பா கூட்டத்தில் நின்று எடுத்த படம். ஷீல்டுகளுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு ஒரு தட்டு முழுவதையும் கொடுத்தோம், பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஷீல்டுகளில் ஓய்வு பெற்ற நாள் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பரணில் ஏற்றிவிட்டார் அப்பா, யாரும் வற்புறுத்தவில்லை. ஒதுக்கிய மூன்றில் மிச்சமிருந்த தட்டு அம்மாவுக்கு, பித்தளை விளக்கு, குங்குமச் சிமிழ், கொலுவின் ஒன்பது நாளும் மரப்பாச்சி ஜோடி.

மறைந்தவர்களின் படங்களை அலமாரியில் வைக்க அம்மா ஒப்பவில்லை, அவை பழைய இடத்தில் சுவரிலேயே மாலையோடு இருக்கின்றன. கீழ்த்தட்டில் புத்தகம் வைக்கவும் ஒப்பவில்லை. கால் படும், துடைப்பம் படும் என்றார். மாப் போடும்போது தண்ணீர் தெறிப்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது மிகச் சரி. அங்கே மூங்கில் கூடைகள், அந்த மாத்திரையும் ரிமோட்டும் பில்லும் எல்லாம் அதற்குள். வீட்டில் அன்றாடம் புழங்கும் சாமானுக்கு ஓர் இடம் கொடுக்காமல் அலமாரியை அலங்கரிப்பது நிற்காது.

வெயிலும் விளக்கும்

ஜன்னல் வழியாகக் காலை வெயில் இடது அலமாரியில் சாய்வாக விழும். அங்கே நின்ற முதுகுகளில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது, அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். அதனால் வெயில் படும் தட்டில் பொம்மைக்குப் பதில் காலிகோ பைண்டுகளும் பித்தளையும், ஜன்னலுக்குக் கனத்த பருத்தித் திரை. பொம்மைகள் வெயில் எட்டாத பாதியில்.

விளக்கு மூன்று பொருள் தட்டுகளுக்கு மட்டும். மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் தரும் 3000 கெல்வின் எல்.இ.டி. பட்டையை அலுமினியப் பட்டியில் வைத்து, மேல்பலகையின் அடியில் முன் ஓரத்தை ஒட்டி, வெளிச்சம் உள்நோக்கி விழும்படி. நிறம் சரியாகத் தெரிய சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் கேட்டு வாங்குங்கள், பொம்மையின் சிவப்பு சிவப்பாகத் தெரிய அது வேண்டும். புத்தகத் தட்டுகளுக்கு விளக்கு போடவில்லை, முன்னால் வந்த முதுகுக்கு ஹால் விளக்கே போதும்.

மழைக்குப் பிறகு

பூஞ்சணம் பிடித்த புத்தகங்களை முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நிழலில் உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். நேர் வெயிலில் போட்டால் தாள் முறுகும். அந்துருண்டை வேண்டாம் என்றேன், வீட்டில் குழந்தை இருக்கிறது. அம்மா வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து ரீப்பருக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறார்.

செப்டம்பர், அக்டோபர் மழை முடிந்தபின் போய்ப் பார்த்தேன். முன் ஓரத்தில் ஒரு சாமான் இல்லை. சரஸ்வதி பூஜைக்கு எல்லாவற்றையும் இறக்கித் துடைத்திருந்தார்கள், ரீப்பருக்குப் பின்னால் தூசி சேர்ந்திருந்தது, அதை உலர்ந்த பெயின்ட் பிரஷ் கொண்டு தள்ளினால் போதும். திறந்த அலமாரியில் தூசி வரத்தான் செய்யும், மாதம் ஒரு முறை மேல் ஓரத்தைத் துடைக்க வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. பின்சுவரில் ஓதம் இல்லை, வலது அலமாரியின் மேல்தட்டு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உப்பு மறுபடி பூத்திருந்தது. அந்தத் தட்டில் புத்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு மண்பானை வைத்திருக்கிறோம். மேஸ்திரி வந்து வெளியே சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தைக் கோடைக்கு முன் பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.